வள்ளி கும்மி: தினைப்புனமும் குறமகளும்

வள்ளி கும்மி கொங்கு வட்டாரத்தில் ஆடப்படும் கதைப்பாட்டுக் கும்மி. வள்ளி ஒயில் கும்மி என்றும் அழைக்கப்படுகிறது. குறவர் குலத் தலைவன் வளர்த்த மகளான வள்ளி முருகனை மணந்த கதையைப் பாடியபடி குழுவாக ஆடுவது இதன் முறை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்கள் இக்கலையின் களம். நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், காவிரிக்கரையில் பவானிக்கு எதிரே உள்ள குமாரபாளையமும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது.

மலைநிலத்துத் தாவரங்களையும் மலைக்குடியின் வாழ்வையும் பாடும் ஆட்டம் சமவெளி வேளாண் ஊர்களில் வாழ்கிறது என்பதே வள்ளி கும்மியின் தனித்தன்மை. அதன் அழகும் சிக்கலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

கதை

வள்ளி தொன்மம் பழமையானது. முருகனுடன் கூடிய வள்ளி என்ற உவமை நற்றிணை 82ஆம் பாடலில் உள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் 'வாடா வள்ளி' என ஒன்றைச் சொல்கிறது. உரையாசிரியர்கள் அதை வள்ளிக்கூத்து என்றனர். வள்ளி என்பது கொடிக்கும் பெயர் என்பதால், வாடும் கொடியிலிருந்து பிரித்துக்காட்டவே 'வாடா வள்ளி' எனப்பட்டது என்பது அவர்கள் விளக்கம். ஒரே சொல் கொடியையும் பெண்ணையும் ஆட்டத்தையும் குறித்திருக்கிறது.

கதை விரிவான வடிவில் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில், வள்ளியம்மை திருமணப் படலத்தில் உள்ளது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் மான் ஈன்ற குழந்தையை வேட்டுவர் தலைவன் நம்பி கண்டெடுத்து வளர்க்கிறான். பருவம் வந்ததும் அவள் தினைப்புனக் காவலுக்கு அனுப்பப்படுகிறாள். பரண் மேல் நின்று கவண் வீசிக் கிளிகளை ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான். நம்பி வரும் ஓசை கேட்டதும் வேங்கை மரமாக மாறி நிற்கிறான். பின் கிழவனாக வந்து பசி என்கிறான். வள்ளி தினைமாவும் தேனும் தருகிறாள். விநாயகன் யானையாக வந்து அச்சுறுத்த, அவள் கிழவனைத் தழுவுகிறாள். இறுதியில் இருவரும் உடன்போகின்றனர். துரத்திவந்த நம்பியும் சுற்றத்தாரும் வீழ்கின்றனர். முருகன் சொல்ல, வள்ளி அவர்களை உயிர்ப்பிக்கிறாள். பிறகு நம்பியே மகளை மணம் செய்து கொடுக்கிறான்.

ஆட்டமுறை

வள்ளி கும்மியில் கதைசொல்லும் பொறுப்பு பாடுபவருக்கு. அவரை ஆசிரியர் என்பர். ஆடுபவர்கள் ஒரே நிற உடை உடுத்தி, வரிசையாகவும் வட்டமாகவும் அமைந்து, கைதட்டியும் குனிந்து நிமிர்ந்தும் முன்பின் அடிவைத்தும் ஆடுவர். கும்மியின் கைத்தட்டும் ஒயிலாட்டத்தின் அடிவைப்பும் இதில் கலந்துள்ளன. ஓர் ஊரில் ஆசிரியர் வந்து பல நாட்கள் மாலைவேளைகளில் பயிற்றுவிப்பார். பயிற்சி முடிந்ததும் கோயில் திடலில் அரங்கேற்றம் நிகழும்.

முன்பு ஆண்களே இதை ஆடினர். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த மூத்த கலைஞர் பத்திரப்பன் பெண்களுக்கும் இதைக் கற்பித்தவர்களில் முதன்மையானவர். அவருக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று திடல்களில் பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமே ஆடுகின்றனர்.

இது முதன்மையாகப் பாத்திரமேற்று நடிக்கும் கலை அல்ல. வள்ளி யார், முருகன் யார் என்று பிரிப்பதில்லை. பாட்டு வள்ளியைச் சொல்லும்போது வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் வள்ளி. வேங்கையைச் சொல்லும்போது அத்தனை பேரும் மரம். கதாநாயகி ஒருத்தி நடுவில் நிற்க மற்றவர்கள் பின்னணியாவது மேலைநாட்டுப் பாலேயின் பழைய அமைப்பு. கும்மியில் நடுவிடம் காலியாக உள்ளது. அல்லது அங்கே ஒரு விளக்கு இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமியும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே அடியை வைக்கிறார்கள். அழகியல் நோக்கில் வள்ளி கும்மியின் முதன்மையான சாதனை இதுவே.

தினை, வள்ளி, வேங்கை

கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தாவரம் இருக்கிறது. பிறப்புக்கு வள்ளிக்கிழங்கு. பருவத்துக்குத் தினை. காதலுக்கு வேங்கை. விருந்துக்குத் தினைமாவும் தேனும். இவை அலங்காரமாக வருபவை அல்ல. இவற்றை நீக்கினால் கதை நகராது.

வேங்கைக் காட்சி இதற்குச் சிறந்த சான்று. பழைய இலக்கியத்தில் வேங்கைக்குக் 'கணி' என்றொரு பெயர் உண்டு. கணி என்றால் காலம் கணித்துச் சொல்பவன். வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது என்று பொருள். தினை முற்றினால் காவல் முடியும், காவல் முடிந்தால் பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், களவுக் காதலுக்கு இடமிருக்காது. ஆகவே முருகன் வேங்கையாக நிற்பது ஒளிந்துகொள்ள ஒரு வழி மட்டுமல்ல. அந்த நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு செய்தி. நேற்றுவரை இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர்கள் ஐயப்படுகிறார்கள். தம் புனத்தின் மரங்களை எண்ணி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த ஐயம் வரும்.

வேங்கை பூத்தலையும் தினை முற்றலையும் சேர்த்துப் பார்த்திராத ஊரில் அந்தக் காட்சி ஒரு மாயாஜாலமாகச் சுருங்கிவிடுகிறது. வள்ளி கும்மி இன்று எதிர்கொள்ளும் முதல் சிக்கல் இது. தாவரங்கள் பாட்டில் பெயர்களாக இருக்கின்றன. ஆடும் நிலத்தில் அவை இல்லை.

சமவெளியில் வள்ளி

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று 'வள்ளி' என்ற சொல்லை அதிகம் நினைவூட்டுவது மரவள்ளி. மக்கள் வழக்கில் குச்சிக்கிழங்கு. இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். சர்க்கரைவள்ளியும் அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து வந்ததே. குறமகளுக்குப் பெயர் தந்த வள்ளி, டயாஸ்கோரியா இனத்தைச் சேர்ந்த காட்டுக்கொடி. மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். மரவள்ளியிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியும் மாவும் இப்பகுதியின் பெருந்தொழில். ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் சேலத்தில் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வந்த கிழங்கு நிலத்தின் அடையாளமாகிவிட்டது. இருந்த கிழங்கு பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்திலேயே உள்ள கொல்லிமலையிலும் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு வந்தவர்கள். ஆலைகளின் தேவை கூடியபோது சிறுதானிய நிலங்களில் மரவள்ளி ஏறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியைச் செய்தது. மக்கள் பாதுகாத்த விதைகளைத் திரட்டுவதும், தானியத்தைத் தோலுரிக்கச் சிறு இயந்திரங்கள் அமைத்துப் பெண்களின் உழைப்பைக் குறைப்பதும் அதில் அடங்கும். தினை மறைந்ததற்குச் சுவை மாறியது மட்டும் காரணமல்ல. அதை உரலில் இட்டுக் குத்தும் வேலையும் ஒரு காரணம். வள்ளி கிழவனுக்குத் தந்த தினைமாவுக்குப் பின்னால் அந்தக் கைவலி இருக்கிறது.

குமாரபாளையம் விசைத்தறி ஊர். லுங்கியும் துண்டும் நெய்யும் தறிகள், சாயப்பட்டறைகள், காவிரியில் சாயக்கழிவு கலப்பது பற்றிய நீண்ட காலப் புகார் என்பது இவ்வூரின் நடப்பு. பகலெல்லாம் தறியோசை கேட்கும் ஊர்களில், மாலைப்பயிற்சியில் கிளி ஓட்டும் பாட்டு ஒலிப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பாட்டில் உள்ள புனத்துக்கும் ஆடும் தெருவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாட்டு அறிந்திருக்கவில்லை. கும்மிப் பாடல்கள் காலந்தோறும் புது அடிகளைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்த வடிவம். தண்ணீர்ப் பஞ்சத்தையும் ரயிலையும் பாடிய கும்மிகள் தமிழில் உண்டு. வள்ளியின் புனம் எங்கே போயிற்று என்று பாட வடிவத்தில் தடையேதும் இல்லை.

குறவஞ்சியும் பாலேயும்

மலைக்குடியையும் மலைவளத்தையும் மேடைக்குக் கொண்டுவந்த தமிழ் வடிவங்களில் பெரியது குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி அதன் உச்சம். தேன், கிழங்கு, தினை, மாம்பழத்தைப் பந்தாடும் குரங்கு, சண்பக மணம் என மலைவளம் முழுவதும் குறத்தியின் வாயால் வருகிறது. ஆனால் குறவஞ்சியில் காதல்கொள்ளும் தலைவி வசந்தவல்லி. சிங்கி குறி சொல்லிப் பரிசு பெற்றுச் செல்பவள். வள்ளி கதையில் குறமகளே தலைவி. இவ்வகையில் வள்ளி கும்மி குறவஞ்சியைவிட ஒரு படி முன்னே நிற்கிறது.

ருக்மிணி தேவி அருண்டேல் 1944இல் குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக அமைத்தார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். நாட்டிய அமைப்பில் காரைக்கால் சாரதாம்பாளின் பங்களிப்பு இருந்தது. ருக்மிணி தேவி பரதம் கற்பதற்கு முன் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால் பாலே பயின்றவர். மேடையில் குழுவை நிறுத்துவது, உடை, ஒளி ஆகியவற்றில் அவருக்கிருந்த கவனத்துக்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம். அந்த மேடையில் குறத்தி அழகுபெற்றாள். ஆனால் அவளாக ஆடியவர்கள் குறவர் குடியைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

ஆஸ்திரேலியாவில் 1989இல் தொடங்கப்பட்ட பங்காரா நடனக்குழு இந்த இடத்தில் வேறு வழியைக் காட்டுகிறது. தொல்குடி நடனக் கலைஞர்களே அதன் ஆட்டக்காரர்கள். எந்தக் குடியின் கதையை எடுக்கிறார்களோ அந்தக் குடியின் மூத்தோரைக் கலந்து அவர்கள் இசைவுடன் ஆட்டத்தை அமைப்பது அவர்கள் வழக்கம். 1997இல் ஆஸ்திரேலியப் பாலே குழுவுடன் சேர்ந்து, ஸ்டீபன் பேஜ் அமைப்பில், ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு 'ரைட்ஸ்' என்ற ஆட்டத்தை அளித்தனர். 2018இல் புரூஸ் பாஸ்கோவின் நூலை அடியொற்றி 'டார்க் ஈமு' ஆட்டத்தை அமைத்தனர். தொல்குடியினர் கிழங்கும் தானியமும் பேணி வளர்த்தவர்கள் என்பது அந்நூலின் வாதம். அதன் வரலாற்று முடிவுகள் குறித்து ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு உண்டு. ஆனால் கிழங்கையும் தானியத்தையும் பற்றிய ஓர் ஆட்டத்தை, அவற்றை அகழ்ந்தும் விதைத்தும் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடினார்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

வள்ளியின் சுற்றத்தார்

வள்ளி கும்மியில் குறவர் பாட்டுப்பொருள். ஆடுபவரும் பயிற்றுவிப்பவரும் பெரும்பாலும் வேளாண் சாதியினர். குறவர் என்ற பெயர் தமிழ்நாட்டில் வெறும் இலக்கியப் பெயரல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் பட்டியலிடப்பட்ட குடிகளுள் குறவரும் உண்டு. சென்னை மாகாணம் அச்சட்டத்தை 1947இல்தான் நீக்கியது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்த ஆபாச மேடை ஆட்டங்கள் அச்சமூகத்தை இழிவுபடுத்துவதாக நீண்ட காலம் எதிர்ப்பு இருந்தது. 2023இல் தமிழக அரசு அந்த ஆட்டத்தைத் தடைசெய்தது.

ஒரு மேடையில் குறமகள் தெய்வம். இன்னொரு மேடையில் அவள் கேலிப்பொருளாக இருந்தாள். இரண்டு மேடைகளிலும் குறவர் தம்மைப் பற்றிச் சொல்ல இடமிருக்கவில்லை. வள்ளி கும்மி குறவரை இழிவுபடுத்துவதில்லை. நம்பியையும் புனத்தையும் மதிப்புடனேயே பாடுகிறது. ஆனால் மதிப்பும் இருப்பும் ஒன்றல்ல.

கந்தபுராணத்திலேயே இதற்கான வித்து உண்டு. வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி என்று புராணம் சொல்கிறது. குறமகளை முருகன் மணந்தான் என்ற பழைய செய்தி, தெய்வமகளைத் தெய்வம் மணந்தது என்று இதனால் பாதுகாப்பாக மாற்றப்படுகிறது. ஒரு வள்ளி கும்மிக் குழுவின் பாட்டை மதிப்பிட இதுவே நல்ல உரைகல். முற்பிறவிக் கதைக்கு எவ்வளவு நேரம், புனக்காவலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் அந்தக் குழு எந்த வள்ளியை வணங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பெருந்திடலும் உறுதிமொழியும்

அண்மைக் காலத்தில் வள்ளி கும்மி ஆயிரக்கணக்கானோர் ஒரே திடலில் ஆடும் சாதனை நிகழ்ச்சியாகவும் அரசியல் மாநாடுகளின் பகுதியாகவும் மாறியுள்ளது. இதனால் கலை பரவியது உண்மை. வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் பெண்கள் சலங்கை கட்டி ஆட ஒரு களம் கிடைத்ததும் உண்மை. ஆனால் சாதனை மேடையில் எண்ணப்படுவது தலைகள். அங்கே கதைக்கு அவ்வளவு தேவை இருப்பதில்லை. ஒரு தெரு அளவிலான வட்டத்தில் ஆசிரியரின் சொல் ஆடுபவரின் காதில் விழும், அவர் முகம் மாறும். மைதான அளவில் அது ஒலிபெருக்கியின் தாளமாகிவிடுகிறது.

இதைவிடக் கடுமையான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு வள்ளி கும்மி நிகழ்ச்சியில் ஆடவந்த பெண்களைச் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் செய்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் செய்த காணொளி பரவிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எல்லாக் குழுக்களும் இதைச் செய்வதில்லை. ஆயினும் இது கலைக்கு வெளியே நடந்த பிழை என்று ஒதுக்க முடியாது. ஆடிய கதையையே அந்த உறுதிமொழி மறுக்கிறது. வள்ளி தன் சுற்றத்தார் அறியாமல், தன் குடியைச் சேராத ஒருவனைத் தேர்ந்து, அவனுடன் இரவில் வெளியேறியவள். சுற்றத்தார் ஆயுதத்துடன் துரத்துகிறார்கள். துரத்தியவர்களே வீழ்கிறார்கள். அந்தப் பெண்ணின் சொல்லால் எழுகிறார்கள். தந்தை பிறகு தானே முன்வந்து மணம் செய்து தருகிறான்.

இந்த நிலப்பகுதிக்கு அந்த இறுதிக் காட்சி வெறும் புராணம் அல்ல. திருச்செங்கோடு மலையில் செங்கோட்டுவேலவர் சன்னதி உள்ளது. 2015இல் அந்த மலைக்கோயிலுக்கு வேற்றுச்சாதித் தோழியுடன் வந்த தலித் இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். குமாரபாளையத்துக்கு அருகிலுள்ள பள்ளிபாளையம் பகுதியில் ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022இல் மதுரையில் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. துரத்திச் சென்ற சுற்றத்தாரின் கதையை ஊரே கூடி இரவெல்லாம் பாடும் வட்டாரத்தில் இது நிகழ்ந்தது. பாட்டின் பொருள் கேட்பவருக்குள் இறங்கவில்லை என்றால் கலைக்கு என்ன பயன் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

வள்ளியின் மணம் தெய்வத்துடன் நிகழ்ந்தது, அதை மனித மணத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளக்கூடாது என்று ஒரு வாதம் சொல்லப்படலாம். ஆனால் கும்மி வள்ளியை ஆடும் பெண்களில் ஒருத்தியாகவே நிறுத்துகிறது. அனைவரும் வள்ளியாவதே அதன் ஆட்டமுறை. ஆடும்வரை வள்ளி, ஆட்டம் முடிந்ததும் வேறொருத்தி என்று வகுப்பது அந்த வடிவத்துக்குப் பொருந்தாது.

மதிப்பீடு

சிலப்பதிகாரத்தில் வேங்கை மரத்தடியில் கண்ணகியைக் கண்ட குறவர்கள் அவளைத் தம் குலதெய்வமாக ஏற்றுக் குரவை ஆடுகின்றனர். அந்த நெடுவேள்குன்றம் திருச்செங்கோடே என்று பழைய உரைமரபில் ஒரு சாரார் கருதினர். மறுத்தவர்களும் உண்டு. எந்த மலையாயினும், அங்கே குறவர் சமவெளி நகரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் துயரத்தை ஆடினர். யார், என்ன குலம் என்பதைப் பார்த்து அவர்கள் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. வள்ளி கும்மியில் சமவெளியினர் குறமகளின் காதலை ஆடுகின்றனர். குன்றக்குரவைக்கு எதிர்த்திசையில் அமைந்த பதில் என்று இதைக் கொள்ளலாம்.

தன் வட்டாரத்தின் பெரும்பாலான கூட்டு ஆட்டங்கள் தளர்ந்த காலத்தில் வள்ளி கும்மி மீண்டெழுந்தது. பெண்களைத் திடலுக்குக் கொண்டுவந்தது. தினை, கிழங்கு, வேங்கை, தேன் என்ற சொற்களை, அவற்றைப் பார்த்திராத பிள்ளைகளின் நாவில் வைத்திருக்கிறது. இவை சிறிய பணிகள் அல்ல. சாதி அடையாளத்தின் அணிவகுப்பாக அது சுருங்குமானால், பாட்டு நம்பியின் துரத்தலோடு நின்றுவிடும். அவன் எழுந்து மகளை ஏற்ற இறுதிப் பகுதி பாடப்படாமல் போகும். வள்ளி கும்மியின் எதிர்காலம் அந்த இறுதிப் பகுதியை முழுக் குரலில் பாடுவதில் இருக்கிறது. கொல்லிமலையின் பிள்ளைகளும் குறவர் குடிப் பிள்ளைகளும் அதே வரிசையில் கைதட்டி ஆடும் அரங்கேற்றமே அந்தக் கதைக்குப் பொருந்திய அரங்கேற்றமாக இருக்கும்.